பானைக்கு அடியில ஒரு புள்ளி

முழுகிப் போச்சுன்னு தட்டாதீங்க தம்பி. வேற என்ன வேணாலும் தட்டுங்க, அந்த ஒரு வார்த்தைய மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்தாதீங்க. நீங்க இங்க தட்டினா அது துறைமுகத்து வாசல்ல தொங்குற போர்டுல போய் விழும். போர்டுக்குக் கீழ நாலு பொம்பளைங்க நிக்கிறாங்க, எங்க படகுல கூடப் போன நாலு பேரோட பொண்டாட்டிங்க. சிக்னல் வரல, அவ்வளவுதானே? சிக்னல் வரலன்னே இருக்கட்டும். என் தங்கச்சிக்கு நான் போன் பண்ணா கூடத்தான் சிக்னல் கிடைக்காது. அவ என்ன முழுகியா போயிட்டா? பக்கத்துத் தெருவுல உக்காந்துக்கிட்டு எடுக்க மாட்டா.

உக்காரலாமா? இது யாரு நாற்காலி, பெரிய சாரோடதா? அவருதான் வரலையே. தேடுற கப்பல் கிளம்பணும்னா அவரு சரின்னு சொல்லணும், அவரு சரின்னு சொல்லணும்னா போன எடுக்கணும். ஆகாசம் வரைக்கும் பேசுற ஆபீஸ்ல பெரிய சாரு மட்டும் லைன்ல கிடைக்க மாட்டேங்கிறாரு. பரவால்ல, நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருங்க. நான் அவரு நாற்காலிய சூடு பண்ணி வைக்கிறேன்.

ஆமா, அந்தப் படகுக்காரரோட வீட்டுக்காரிதான். நீலப் படகு, முன்னாடி சுறா மீன் வரைஞ்சிருக்கும். சுறான்னு அவரு சொல்றாரு, பாக்குறதுக்குக் கத்திரிக்காய்க்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்கும். நேத்து நீங்க புயல்னு சேதி அனுப்பினதும் எல்லாப் படகும் வாலைச் சுருட்டிக்கிட்டுக் கரைக்கு வந்துருச்சு. கத்திரிக்காய் மட்டும் வரல.

இதுதான் அந்தப் படமா? நடுவுல வெள்ளையா சுருண்டு கிடக்கே, அதான் புயலா? நாளைக்குக் காலையிலதான் இங்க வருமா? பால் பொங்கி அடுப்பு மேல வழிஞ்ச மாதிரி இருக்கு. நாம எங்க இருக்கோம் இதுல? இந்த மஞ்சக் கோட்டு ஓரத்துலயா. நல்லா இருக்கு. வீட்டு வரி போட வரும்போது அவ்வளவு பெரிய வீடுன்னாங்க, இங்க பாத்தா ஊரே ஒரு கடுகு அளவுக்கு இல்ல.

மேல சேட்டிலைட்டு ஒண்ணு நின்னுக்கிட்டு இதப் படம் புடிக்குதாக்கும். நிக்கலையா? ஓடுதா? சரி சரி, பூமி திரும்புற வேகத்துக்கே அதுவும் சுத்துறதால, இங்கேருந்து பாத்தா ஒரே எடத்துல நிக்கிற மாதிரி தெரியுது. புரிஞ்சுது. எங்க வீட்டுக்காரரும் அதே ரகம்தான். நாள் முழுக்க ஓடி ஓடி உழைக்கிறேன்னு சொல்வாரு, நான் பாக்கும்போதெல்லாம் கட்டில்ல ஒரே எடத்துலதான் கிடப்பாரு. அரை மணிக்கு ஒரு படம் அனுப்புமா? அடுத்தது எப்ப? சரி, வரட்டும். நான் எங்க போகப் போறேன்.

இல்ல தம்பி, உங்க சேட்டிலைட்டக் குறை சொல்ல நான் வரல. அதுக்கு ஊர்ல ஆளு இருக்கு. எங்க தெருவுல தையல்காரரு ஒருத்தரு, மழைன்னு சொன்னாங்க, குடை எடுத்துட்டுப் போனேன், மழை வரல, குடையத் தொலைச்சதுதான் மிச்சம்னு இன்னிக்கு வரைக்கும் உங்க ஆபீஸத் திட்டிக்கிட்டு இருக்காரு. குடையத் தொலைச்சது அவரு, திட்டு உங்களுக்கு. நான் அப்படி இல்ல. நான் கவனிச்சுப் பாத்தவ. நீங்க பத்து தடவ சொன்னா எட்டு தடவ சரியா வருது. எங்க வீட்டுக்காரரு சேட்டிலைட்டாவது ஒண்ணாவது, நான் வானத்தப் பாத்தே சொல்லிடுவேன்னு புருவத்து மேல கைய வச்சுக்கிட்டு நிப்பாரு. பத்துக்கு ரெண்டு சரியா வரும். அந்த ரெண்டும் கோடைக் காலத்துல. ஒரு நாள் வானம் கண்ணாடி மாதிரி இருக்கு, மெத்தையெல்லாம் மாடியில காயப் போடுன்னாரு. புருஷன் பேச்சக் கேட்டேன். அந்த மெத்தை காயறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போச்சு.

அதனாலதான் பயமா இருக்கு. உங்க சேதி போய்ச் சேரலன்னா, கடல்ல அவருக்கு மிச்சம் இருக்கறது அவரு கண்ணு ரெண்டுதான். அந்தக் கண்ண நான் நம்ப மாட்டேன்.

வயர்லெஸ்ல கூப்பிட்டுப் பாத்தீங்கள்ல? வராது. அவரு போயிருக்கிற எடத்துக்கு உங்க வயர்லெஸ் எட்டாது. எந்த எடமா? எனக்கு எப்படித் தெரியும்? வயர்லெஸ் எட்டாத எடம்னு சொன்னேன். எட்டியிருந்தா பேசியிருப்பாரே, அத வச்சுச் சொன்னேன். நான் வீட்டுல கிடக்கிறவ தம்பி. கடல்ல எது கிழக்கு எது மேற்குன்னே எனக்குத் தெரியாது. நீங்க போலீஸ்காரரு மாதிரி பாக்காதீங்க.

இந்தச் சிவப்புப் புள்ளிதான் அவரோட கடைசிப் புள்ளியா? நல்லா வடக்க தள்ளி இருக்கே. கப்பல் இங்கதான் போய்த் தேடுமா? கொஞ்சம் தெக்க தள்ளித் தேடக் கூடாதா? ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். காத்து இருக்கு, தண்ணி ஓட்டம் இருக்கு, தள்ளிக்கிட்டுப் போயிருக்கும்ல? தள்ளினா வடக்கதான் தள்ளுமா. தண்ணி கூட உங்க கட்சிதான் போலிருக்கு. ஆதாரம் இல்லாம கப்பலத் திருப்ப முடியாது, சரிதான். கப்பல் என்ன ஆட்டோவா, கொஞ்சம் லெஃப்ட்ல போங்கன்னு சொல்றதுக்கு.

அய்யய்ய, மறுபடி அந்த வார்த்தைக்கே போறீங்க. திடீர்னு நின்னுதுங்கறதுக்காக முழுகிருச்சுன்னு அர்த்தமா? சரி, சொல்லிடறேன். சிரிக்கக் கூடாது. புள்ளி அனுப்புறதுக்குன்னு நீங்க படகுல மாட்டின பெட்டி கெட்டுப் போகல, படகும் முழுகல. பெட்டி மேல என் பானை இருக்கு.

பானைதான். சமையல் பானை. அலுமினியம், ஆறு பேருக்குத் தாராளமா ஆக்கலாம். நான்தான் வாங்கிக் குடுத்தேன். அதக் கொண்டுபோய் உங்க பெட்டி மேல கவுத்து வச்சிருக்காரு. தண்ணிக்குள்ள போனாலும் தப்பிக்கும், புயல்ல அடிச்சாலும் தப்பிக்கும்னு நீங்க பெருமையா மாட்டி விட்டீங்களே, அந்தப் பெட்டி என் பானைகிட்ட தோத்துப் போச்சு.

மொதல்ல கெட்ட எண்ணத்துல ஆரம்பிக்கல, அதையும் சொல்லிடணும். பெட்டி மாட்டின அன்னிக்கு உங்களுக்கு முன்னாடி இருந்தாரே கண்ணாடி போட்டவரு, அவரு வந்து ஒரு மணி நேரம் பேசினாரு. இது விலை உசந்த சாமான், குழந்தை மாதிரி பாத்துக்கங்கன்னாரு. எங்க ஆளுங்க அத அப்படியே புடிச்சுக்கிட்டாங்க. கடல்ல நல்ல மழை புடிச்சிருக்கு. குழந்தை நனையுதேன்னு சமையல் பண்றவரு ஓடிப்போய்ப் பானையக் கவுத்திருக்காரு. அஞ்சு ஆம்பளைங்களும் தொப்பலா நனைஞ்சுக்கிட்டு நிக்க, கடல்லயே கிடக்கறதுக்குன்னு செஞ்ச பெட்டி பானைக்குள்ள சுகமா இருந்துச்சாம். அன்னிக்குத்தான் போர்டுல எங்க படகோட புள்ளி காணாமப் போச்சு. கரைக்கு வந்து விஷயம் தெரிஞ்சதும் எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு பாருங்க, கல்யாணத்தன்னிக்குக் கூட அவரு அப்படிச் சிரிக்கல.

ஏன்னா கேக்குறீங்க? உங்க போர்டுதான் காரணம். எந்தப் படகு எங்க நிக்குதுன்னு புள்ளி புள்ளியா போர்டுல போட்டீங்க. போன்லயும் பாக்கலாம்னீங்க. வீட்டுல இருக்கறவங்க பாத்து நிம்மதியா இருக்கணும்னு. நிம்மதியாத்தான் இருந்தோம். எங்க அண்ணனும் நிம்மதியா பாத்துக்கிட்டு இருந்தான்.

அவனும் படகுக்காரன்தான். அதோ கதவுக்கு வெளிய பெஞ்சுல, சிவப்புச் சட்டை, ஒரு கால ஆட்டிக்கிட்டே இருக்கானே, அவன்தான். என் கூடப் பொறந்த அண்ணன். எங்க வீட்டுக்காரரு நாயா பேயா அலைஞ்சு ஒரு நல்ல எடம் கண்டுபுடிப்பாரு. அங்கயே படகு நிக்கும். இங்க அண்ணன் போனக் கையில வச்சுக்கிட்டு, புள்ளி நகரலையேன்னு பாப்பான். புள்ளி நகரலன்னா அங்க மீன் இருக்குன்னு அர்த்தம். மறுநாள் விடியும்போது அவன் பெரிய வலையோட அங்க நிப்பான். சொந்த மச்சான், சண்டையா போட முடியும்? எங்க வீட்டுக்காரரு வீட்டுக்கு வந்து சுவத்தப் பாத்துச் சொன்னாரு, உங்க அண்ணன் மீன் புடிக்கல, புள்ளி புடிக்கிறான்னு. சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அண்ணன் வீடு. அவனுக்குக் கேக்கணும்னுதான் சொன்னாரு. அதோட பேச்சு நின்னு போச்சு. ஒரே சுவரு, ரெண்டு வீடு, பேச்சில்ல. நான் பேசுவேன், அவரு கடலுக்குப் போனதுக்கப்புறம்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. எங்க வீட்டுக்காரரு உலைப் பானைய எடுத்தே ஊர் வாயை மூடினவரு. துறைமுகத்துல அவருக்குப் பேரே பூட்டுதான். மழை பெஞ்சாதான் பானைன்னு இருந்தது, அப்புறம் வெயில் அடிச்சாலும் பானைன்னு ஆச்சு. அதோட நின்னிருந்தா கூடப் பரவால்ல, மூளை வேற வேலை செய்ய ஆரம்பிச்சுது. மொதல்ல வடக்க போவாரு. போய்ச் சும்மா நிப்பாரு. மீன் புடிக்கிற மாதிரி ஜாடை காட்டி நிப்பாரு, உங்க சேட்டிலைட்டுக்கு. புள்ளி நல்லா விழுந்ததும் பானையக் கவுத்துட்டு வேற பக்கம் கிளம்பிடுவாரு. எங்க அண்ணன் அந்த சீசன் பூரா வடக்க போய், வலை நிறைய ஜெல்லி மீனா அள்ளிட்டு வந்தான். கையெல்லாம் தடிச்சுப் போய் எங்க வீட்டுக்குத்தான் மருந்து கேக்க வந்தான். குடுத்தேன், என்ன பண்றது.

இப்பப் புரியுதா, அந்தச் சிவப்புப் புள்ளி என்னன்னு? அது அவரு எங்க அண்ணனுக்குப் போட்ட புள்ளி. உங்களுக்குப் போட்டதில்ல. உங்க கப்பல் அங்க போச்சுன்னா ஜெல்லி மீனத்தான் காப்பாத்திக் கொண்டுவரும்.

தலையில கைய வைக்காதீங்க தம்பி. ஆமா, மூணு தடவ பெட்டிய மாத்தினீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. ஆண்டெனா கோளாறுன்னு ஒருத்தரு சொன்னாரு. சூரியன்ல ஏதோ நெருப்பு கிளம்புது, அதனால இருக்கலாம்னு இன்னொருத்தரு சொன்னாரு. சூரியன் என்ன பாவம் பண்ணுச்சு. அப்படிச் சொன்னவரு எங்க வீட்டுலதான் டீ குடிச்சாரு. டீ போட்ட அடுப்புக்குப் பக்கத்துல பானை இருந்துச்சு, அவரு தொப்பிய அது மேலதான் வச்சாரு. நான் எப்படிச் சொல்றது? புருஷன் பக்கத்துல உக்காந்து, ஆமாங்க, சூரியன் ரொம்ப மோசம்ங்கன்னு தலையாட்டிக்கிட்டு இருக்காரு.

ஆனா பாருங்க, அவ்வளவு மூளை வேலை செஞ்சும் ஒண்ணே ஒண்ணு தோணல. பானைய மூடினா உள்ளேருந்து போறது மட்டும் நிக்கும்னு நெனச்சுட்டாரு. வெளியேருந்து வர்றதும் நிக்கும்னு தோணல. நீங்க நேத்து திரும்பி வாங்க திரும்பி வாங்கன்னு எத்தனை தடவ அனுப்பினீங்க? அத்தனையும் என் பானை மேல விழுந்து தெறிச்சுப் போயிருக்கும். அஞ்சு பேருக்கும் புயல்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. ஜன்னல் வழியா வெளிய பாருங்க, வெயில் எப்படிக் காயுது. இத வச்சுப் பாத்தா யாராவது புயல்னு நம்புவாங்களா? இப்ப அவரும் அங்க புருவத்து மேல கைய வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாரு. கண்ணாடி மாதிரி இருக்கும்பாரு. இன்னும் ஒரு நாள் நிப்போம்பாரு.

அதுக்குத்தான் வந்து உக்காந்திருக்கேன். எப்பவும் இந்நேரத்துக்குத் திரும்பி வந்துக்கிட்டு இருப்பாரு. பாதி வழி வந்ததும் பானைய எடுத்துடுவாரு, வந்த தடம் தெரியாம. போர்டுல புள்ளி வந்ததும் நான் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவேன். இன்னிக்குப் போர்டுல வரல. போர்டுக்கு வர்றதுக்கு முன்னாடி இங்கதான வரும், இங்கயே பாத்துடலாம்னு வந்தேன். வந்துரும். மேசையில வெயில் அந்த போன் வரைக்கும் ஏறுறதுக்குள்ள வந்துரும்.

வெளிய இருக்கானே எங்க அண்ணன், காலையிலயே டீசல் ரொப்பிட்டு வந்துட்டான். அவன் படகுதான் இங்க வேகமான படகு. பெரிய இஞ்சின். எத வித்து வாங்கினான்? எங்க மீன வித்துத்தான். வாசல்ல என்னைப் புடிச்சு, எங்கன்னு மட்டும் சொல்லு, நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேங்கிறான். எங்கன்னு மட்டுமாம். இத்தனை வருஷமா அவன் கேட்டுக்கிட்டு இருக்கிற ஒரே கேள்வி அதுதான். கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு. அது மச்சானுக்காகவா, மீனுக்காகவான்னு எனக்குத் தெரியல. கூடப் பொறந்தவன எனக்குத் தெரியும். ரெண்டுக்குமாத்தான் இருக்கும்.

நான் என்ன சொல்றது? எனக்குத் தெரியாதுன்னுட்டேன். தெரியாதுதான். எத்தனை தடவ கேப்பீங்க?

அது போகட்டும், ஒரு சந்தேகம். உங்க சேட்டிலைட்டு, இந்தச் சேதியெல்லாம் கொண்டுபோகுதே, அது என்னதான் பண்ணும்? சேதிய அது படிக்குமா? ஓகோ. கீழேருந்து போறத வாங்கும், யாருக்கு வேணுமோ அவங்க பக்கம் திருப்பி விடும், அவ்வளவுதானா? யாரோட சேதின்னு கேக்காது. உள்ள என்ன இருக்குன்னு பாக்காது. நான் அப்பவே சொன்னேன்னு அப்புறம் வந்து நிக்காது. அருமையான பிறவி. இப்படி ஒருத்தரு எங்க தெருவுல இருந்திருந்தா பாதிச் சண்டை நடந்திருக்காது. எங்க தெருவுல ஒரு சேதி இந்த முனையில கிளம்பினா அந்த முனைக்குப் போறதுக்குள்ள அதுக்குக் கை கால் மொளச்சு, கல்யாணமும் ஆயிரும்.

என்ன, சத்தம் வந்துச்சு? படம் வந்துருச்சா? திருப்புங்க, நானும் பாக்குறேன்.

இது முன்னாடி இங்க இல்லையே. இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இல்ல இருந்துச்சு? நடுவுல ஏதோ ஓட்டை மாதிரி வந்திருக்கு. கண்ணா? புயலுக்குக் கண்ணு தெறந்துருச்சா. என்ன தம்பி, மணியப் பாக்குறீங்க? நாளைக்குக் காலையிலன்னு தானே சொன்னீங்க? ராத்திரிக்குள்ளயா? இருட்டுறதுக்கு முன்னாடியேவா?

பத்துக்கு எட்டு சரியா வரும்னு நான்தான் சொன்னேன். ரெண்டு தப்பாகும்ல. இது அந்த ரெண்டுல ஒண்ணா இருக்கக் கூடாதா? இருக்காதா. சரி.

கொஞ்சம் தண்ணி குடுங்க.

பெரிய சாரு இப்பவே போன எடுத்தாலும் கப்பல் எப்ப போய்ச் சேரும்? சாயங்காலம். அதுவும் வடக்க. வெயில் அந்த போனத் தாண்டிருச்சு பாருங்க. புள்ளி வரல. வராது தம்பி. நல்லா மீன் விழுந்திருக்கும். சந்தோஷமா நிப்பாரு, அந்த முட்டாள் மனுஷன்.

ஒரு விஷயம் கேளுங்க. இவருக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்துச்சு. சின்ன ஆபரேஷன், அரை மணி வேலைன்னு டாக்டரு சொல்றாரு. இவரு செத்தே போயிடப் போற மாதிரி முகத்த வச்சுக்கிட்டு, நர்ஸ வெளிய அனுப்பிட்டு, என்னைக் கிட்ட கூப்பிட்டாரு. பீரோ சாவி எங்கன்னு சொல்லப் போறாரு, யாருக்கு என்ன குடுக்கணும்னு சொல்லப் போறாருன்னு பாத்தேன். அதெல்லாம் இல்ல. அந்த எடத்தச் சொன்னாரு. எனக்கு நிலம் இல்ல, நகை இல்ல, இது ஒண்ணுதான் நான் சேத்தது, நான் போயிட்டா நம்ம பொண்ணு கட்டிக்கப் போறவனுக்குச் சொல்லுன்னாரு. சொல்லிட்டு, உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்னு பொண்ணு தலையில கைய வச்சு சத்தியம் பண்ணுன்னாரு. பொண்ணு காலேஜ்ல இருக்கா, போன் போட்டுக் குடுத்தாரு, போன் மேல கைய வச்சு சத்தியம் பண்ணேன். அவளுக்கு எதுக்குன்னே தெரியாது. அரை மணியில வெளிய வந்துட்டாரு. பொழச்சு வந்ததுக்குச் சந்தோஷப்படல, தெரியாத்தனமா சொல்லிட்டோமேன்னு ஒரு வாரம் என்னை முறைச்சுக்கிட்டே திரிஞ்சாரு.

தெரியும் தம்பி. காலையிலேருந்து தெரியும். புள்ளி வந்துரும், நான் சொல்ல வேண்டியிருக்காதுன்னு உக்காந்திருந்தேன். உங்க படம் சொன்ன நாளைக்குங்கறத நம்பி உக்காந்திருந்தேன். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன.

கிட்ட வாங்க. லைட்ஹவுஸ முதுகுக்கு நேரா வச்சுக்கிட்டு தெக்க போகணும். அது கண்ணுக்கு மறைஞ்ச பிறகும் நேரா போகணும். தண்ணி பச்சையிலேருந்து கருநீலமா மாறும். மாறுற எடத்துல கிழக்க திரும்பணும். கொஞ்ச தூரம்தான். கீழ ஒரு பழைய சரக்குக் கப்பல் முழுகிக் கிடக்கு, அதச் சுத்தித்தான் மீன் அடையும். அது மேலதான் நங்கூரம் போட்டு நிப்பாரு, என் பானையக் கவுத்து வச்சுக்கிட்டு. உங்க கப்பலுக்கு இனிமே நேரம் பத்தாது. அண்ணன் படகு இப்பக் கிளம்பினா புயல் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துரும்.

ஸ்க்ரீன்ல புள்ளி வைங்க. பெருசாவே வைங்க. போர்டுல விழட்டும், ஊரே பாக்கட்டும். நாளான்னிக்குப் புயல் ஓஞ்சதும் அத்தனை படகும் அங்க போய் நிக்கட்டும். அவரு வந்து என்னைத் திட்டுவாரு. திட்டிட்டுப் பேச மாட்டாரு. ஒரு வாரம் இல்ல, இந்தத் தடவ ஒரு வருஷம் பேச மாட்டாரு. பேசாம இருக்கறதுக்கும் வீட்டுல ஒரு ஆளு வேணும்ல.

இல்ல, நான் வர மாட்டேன். நீங்கதான் போகணும். அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன்னுதான் நான் சத்தியம் பண்ணியிருக்கேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் இல்ல. நான் உங்ககிட்ட சொல்லிட்டேன், நீங்க அவன்கிட்ட சொல்லுங்க. கீழேருந்து போறத வாங்கி, யாருக்கு வேணுமோ அவங்க பக்கம் திருப்பி விடறதுன்னு சொன்னீங்களே, அந்த வேலைதான். கொஞ்ச நேரம் நீங்க சேட்டிலைட்டா இருங்க.

எழுந்திருங்க தம்பி. அவன் கால ஆட்டறத நிறுத்திட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன்.